எந்தப் பூச்சிக்கு எந்த வலை?

பூச்சிவலை என்பது வளையம், அதிலிருந்து தொங்கும் துணிப்பை, கைப்பிடி ஆகிய மூன்று உறுப்புகளால் ஆன எளிய கருவி. ஆயினும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றின் அளவோ தன்மையோ சற்று மாறினாலும், பையில் வந்து சேரும் பூச்சிகளின் வகையும் எண்ணிக்கையும் உடல்நிலையும் மாறிவிடுகின்றன. வண்ணத்துப்பூச்சிக்கென்று தைத்த மெல்லிய வலையை நெல்வயலில் வீசினால், தாளின் சொரசொரப்பில் அது விரைவிலேயே கிழிந்துபோகும். நெல்வயலுக்கென்று தைத்த தடித்த துணிவலையைப் பூந்தோட்டத்துக்கு எடுத்துச் சென்றால் வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை தப்பிவிடும். அகப்படும் ஒன்றிரண்டும் சிறகின் செதில்கள் உதிர்ந்து நிறமிழந்து கிடக்கும். இவற்றைவிடப் பெரிய இழப்பும் உண்டு. பொருந்தாத வலையோடு சென்றவர் அந்த இடத்தில் குறிப்பிட்ட பூச்சி இல்லவே இல்லை என்று முடிவுகட்டித் திரும்பக்கூடும். பூச்சி அங்கேயே இருக்க, வலைமட்டும் அதை எட்டாமல் போயிருக்கும். ஆகவே தேடும் பூச்சி எது, அது வெளியில் பறப்பதா, பயிரில் அமர்வதா, நீருக்கடியில் வாழ்வதா, பிடித்தபின் அதை எண்ண வேண்டுமா, பாதுகாத்து வைக்க வேண்டுமா, பார்த்துவிட்டுப் பறக்கவிட வேண்டுமா என்பனவற்றுக்கு விடை தெரிந்த பின்னரே எந்த வலை என்ற பேச்சுக்கு இடம் உண்டு.

இன்று வழக்கிலுள்ள வட்ட வலை எல்லா நாட்டிலும் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வண்ணத்துப்பூச்சி சேகரித்தவர்கள், இரு கழிகளுக்கிடையே வலைத்துணியைக் கட்டி, இரு கைகளாலும் பிடித்து, பூச்சியை நடுவில் வைத்து மூடும் மடிப்பு வலையைப் பயன்படுத்தினர். மோசஸ் ஹாரிஸ் 1766இல் வெளியிட்ட ‘தி ஆரிலியன்’ என்ற நூலின் முகப்புப் படத்தில் அத்தகைய வலையைக் காணலாம். அதற்கு இரு கைகளும் வேண்டும். புதர் நெருங்கிய இடத்தில் அதை விரிக்கவும் இயலாது. ஒரே கையால் வீசவும், வீசிய வேகத்திலேயே பையை வளையத்தின்மேல் மடித்துப் பூச்சியைச் சிறைப்படுத்தவும் இடம்தரும் வட்ட வலை நாளடைவில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த மடிப்பில்தான் பறக்கும் பூச்சிகளுக்கான வலையின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பூச்சி பைக்குள் புகுந்தவுடன் மணிக்கட்டைத் திருப்பினால், பையின் அடிப்பகுதி வளையத்தின் விளிம்பைத் தாண்டி மறுபுறம் விழுந்து வாயை அடைத்துக்கொள்ளும். இது நிகழ வேண்டுமானால் பையின் ஆழம் வளைய விட்டத்தைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். வளையம் 38 செ.மீ. என்றால் பை 76 செ.மீ. நீளமாவது தொங்க வேண்டும். கடைகளில் சிறுவர்களுக்கென்று விற்கப்படும் வலைகள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலேயே தோற்றுவிடுகின்றன: பை குட்டையாக இருப்பதால் மடிப்பு விழுவதில்லை, உள்ளே புகுந்த பூச்சி வந்த வழியே வெளியேறிவிடுகிறது, பிடிக்கத் தெரியவில்லை என்று குழந்தை மனம் சோர்கிறது. விலை கூடுதலோ குறைவோ, வாங்குமுன் பையின் நீளத்தை அளந்து பார்ப்பதே முதல் சோதனையாக இருக்கட்டும்.

அடுத்தது துணி. பறக்கும் பூச்சிகளுக்கான வலையின் துணி காற்றை எளிதில் ஊடுருவவிட வேண்டும். நெருக்கமாக நெய்த துணியை வேகமாக வீசும்போது பைக்குள் அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றி வளையத்தின் வாயிலேயே தேங்கி நிற்பதால், எடை குறைந்த வண்ணத்துப்பூச்சி அந்தக் காற்றால் தள்ளப்பட்டு ஒதுங்கிவிடுகிறது. வீசியவருக்கோ குறி தவறியதாகவே தோன்றும். நைலானிலோ பாலியஸ்டரிலோ நெய்த மெல்லிய கண்ணித்துணி இந்தத் தடையைக் குறைக்கிறது. ஆனால் நைலானிலும் சொரசொரப்பான வகை உண்டு. வண்ணத்துப்பூச்சியின் நிறமும் வடிவக்கோலமும் சிறகின்மேல் அடுக்கடுக்காகப் படிந்துள்ள நுண்ணிய செதில்களால் அமைந்தவை என்பதால், கையில் தேய்த்தால் உறுத்தாத மென்மையான துணியையே தேர்ந்தெடுத்தல் நலம். பையின் அடிமுனை கூராக முடியாமல் வளைந்து அகன்றிருப்பதும் இதே காரணத்தால்தான். கூர்முனைக்குள் நெருக்குண்ட வண்ணத்துப்பூச்சி சிறகடித்தே தன்னைச் சிதைத்துக்கொள்ளும். சின்னஞ்சிறு குளவிகளையும் ஈக்களையும் ஒரே இடத்தில் திரட்டி எடுக்க விரும்புவோருக்கு மாறாகக் கூம்பு வடிவமே வசதியானது.

நிறத்தைப் பற்றிச் சேகரிப்போரிடையே ஒத்த கருத்து இல்லை. வெள்ளைப் பையில் சிறு பூச்சியும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பச்சையோ கறுப்போ ஆன பை, நெருங்கும்போது பூச்சியை அவ்வளவாகத் திடுக்கிடச் செய்வதில்லை என்பதோடு, அதன் வழியாக உள்ளே இருப்பதைப் பார்ப்பதும் எளிது. வண்ணத்துப்பூச்சிகளையும் தும்பிகளையும் நாடுவோருக்கு அடர்நிறமும், சிறு பூச்சிகளைத் தேடுவோருக்கு வெள்ளையும் பொருந்தும் என்று கொள்வதே நியாயமாகப் படுகிறது. எந்த நிறமாயினும், பிடித்தபின் பையின் அடிமுனையை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால், வெளிச்சத்தை நோக்கி மேலேறும் இயல்புடைய பெரும்பாலான பூச்சிகள் அந்த முனைக்கே சென்று ஒடுங்கும். கீழிருந்து அகன்ற வாய்ப் புட்டியை நுழைத்துக் கையால் தொடாமலே அவற்றை எடுத்துவிடலாம். கொட்டும் குளவிகளைப் பொறுத்தவரை இது வசதி என்பதைவிடப் பாதுகாப்பு என்றே சொல்ல வேண்டும்.

தும்பிகளுக்கு, அதாவது ஊர்ப்புறங்களில் தட்டான் என வழங்கும் பூச்சிகளுக்கு, வலை மட்டும் போதாது; அவற்றின் பார்வையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தும்பியின் கூட்டுக்கண், தனித்தனியே ஒளியை வாங்கும் நுண்கண்களின் தொகுப்பு. சில இனங்களில் ஒரு கண்ணிலேயே ஏறத்தாழ 30,000 நுண்கண்கள் உள்ளன. முன்னிருந்தும் மேலிருந்தும் வரும் எந்த அசைவும் அதற்குத் தப்பாது. எனவே அது கடந்துசெல்லும்வரை காத்திருந்து, பின்புறமாகவும் சற்றுக் கீழிருந்தும் ஒரே வீச்சில் பிடிப்பதே வழி. அதற்கு 45 செ.மீ. அளவுக்கு அகன்ற வளையமும், காற்றுத்தடை மிகக் குறைந்த பெருங்கண்ணித் துணியும், கனமற்ற கைப்பிடியும் துணைசெய்யும்.

கைப்பிடியின் நீளம் குறித்துப் புதியவர்களிடம் ஒரு மயக்கம் உண்டு: நீளம் கூடக்கூட எட்டும் தொலைவும் கூடும், ஆகவே பிடிபடுவதும் கூடும் என்பது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆன, பல மீட்டர் நீளும் கழிகள் இன்று கிடைக்கின்றன. மரமுகட்டில் திரியும் பூச்சிகளை ஆய்வோருக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் கழி நீள நீள முனையின் எடை கையை இழுக்கும், வீச்சு மந்தமாகும், திருப்பி மடிக்கும் அசைவு தளர்ந்துபோகும். பொதுப் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமே போதும். உயரப் பறப்பதைத் துரத்துவதைவிட அது தாழ இறங்கும் இடத்தை அறிவது மேல் என்பதற்கு இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் அனுபவம் சான்று. இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த பச்சான் தீவில், பொன்னிறமும் செம்மஞ்சளும் கலந்த பெரிய சிறகுகளையுடைய வண்ணத்துப்பூச்சி ஒன்றை மாதக்கணக்கில் தேடிய அவர், 1859 ஜனவரியில் முசாண்டாச் செடி ஒன்றின் பூக்களை அது நாடி வருவதைக் கண்டார். முதல் நாள் அது தப்பிவிட, மறுநாள் அதே செடிக்குச் சென்று பெண் பூச்சியையும், அதற்கடுத்த நாள் ஆண் பூச்சியையும் பிடித்தார். ஆண் பூச்சியை வலையிலிருந்து எடுத்து அதன் சிறகை விரித்தபோது மயங்கி விழும் அளவுக்கு நெஞ்சு படபடத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இதற்கு நேர்மாறான நிகழ்வும் வரலாற்றில் பதிவாகியுள்ளது: உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாண்ட்ரா அரசி வண்ணத்துப்பூச்சியின் முதல் மாதிரியை 1906இல் நியூகினியில் ஆல்பர்ட் மீக் என்பவர் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அந்த உடல் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

வயலுக்கு வருவோம். வேளாண் கல்லூரிகளில் ஸ்வீப் நெட் என்று குறிப்பிடப்படும் வலையின் வேலை முற்றிலும் வேறானது. பறப்பதைக் குறிவைக்காமல், பயிரின் மேற்பகுதியை வளையத்தின் விளிம்பால் உராய்ந்து, அதில் அமர்ந்திருப்பவற்றைப் பைக்குள் தட்டி விழச்செய்வதே அதன் நோக்கம். ஆகவே இங்கே மென்மை ஒரு குறையாகிறது. அடர்த்தியாக நெய்த காடாத் துணியோ கித்தானோ பைக்கு வேண்டும். வளையக் கம்பி வளையாத கனமுடையதாக இருக்க வேண்டும். வளையத்தில் கோக்கப்படும் வாய்விளிம்பு இரட்டைத் துணியால் தைக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் முதலில் தேய்ந்து கிழிவது அந்த விளிம்பே. சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைக்கத்தக்க எஃகுச் சுருள் வளையங்கள் பயணத்துக்கு வசதியானவை என்றாலும், பயிரில் மோதும்போது நெளிந்துவிடும் என்பதால் இந்த வேலைக்கு ஆகா.

இந்த வலை சேகரிக்கும் கருவியாக மட்டுமன்றி, அளக்கும் கருவியாகவும் பயன்படுவதே இதன் தனிச்சிறப்பு. பூச்சியால் நேரும் இழப்பு, அதைக் கட்டுப்படுத்தும் செலவை விஞ்சப்போகும் கட்டத்தை வேளாண் துறையினர் பொருளாதாரச் சேதநிலை என்பர். நெல்லைத் தாக்கித் துங்ரோ என்னும் நச்சுயிரி நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்குத் தமிழ்நாட்டுப் பரிந்துரைகளில் தரப்படும் அளவுகளில் ஒன்று, 25 வலைவீச்சுக்கு 60 பூச்சிகள் என்பது. மருந்தடிப்பதா, பொறுத்திருப்பதா என்று உழவர் எடுக்கும் முடிவு இந்த எண்ணைச் சார்ந்திருக்கிறது. எண்ணோ வலையைச் சார்ந்திருக்கிறது. ஒருவர் 30 செ.மீ. வளையத்தாலும் மற்றொருவர் 38 செ.மீ. வளையத்தாலும் வீசினால் வளையத்தின் பரப்பு மட்டுமே ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபடுவதால், இருவரின் 25 வீச்சுகளும் ஒன்றாகா. நடந்தபடியே ஒவ்வோர் அடிக்கும் ஒரு வீச்சாக, இடப்புறமிருந்து வலப்புறம் அரைவட்டமாக, பயிரின் ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் வீசுவதும், பனி காய்ந்தபின் காற்று அடங்கிய வேளையைத் தேர்வதும் வலையின் அளவைப் போலவே முக்கியமானவை. ஈரத்தில் நனைந்த பையில் சிறு பூச்சிகள் துணியோடு ஒட்டிக்கொள்வதால், கொட்டி எண்ணும்போது பாதி விடுபட்டுப்போகும்.

எந்தத் துல்லியமும் வலையின் எல்லையைக் கடந்து செல்லாது. அதே நெல்வயலில் தத்துப்பூச்சியைவிட அஞ்சப்படும் புகையான், பயிரின் மேற்பகுதிக்கு வராமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது. மேலே வீசிச் செல்லும் வலைக்கு அது ஏறத்தாழ இல்லாததற்குச் சமம். இதனால்தான் புகையானின் சேதநிலை வலைவீச்சில் சொல்லப்படாமல், தூருக்கு ஒரு பூச்சி என்றும், அதை உண்ணும் சிலந்தி குத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் தூருக்கு இரண்டு என்றும் சொல்லப்படுகிறது. பயிரைச் சாய்த்து அடித்தண்டைத் தட்டி, நீரில் விழுவனவற்றை எண்ணுவதே அதற்குரிய முறை. வலையில் சிலந்தியும் ஊசித்தட்டானும் பொறிவண்டும் விழுந்தால் அவற்றையும் தனியே எண்ணிக் குறித்தல் வேண்டும். பயிருக்குத் துணைநிற்கும் அவ்வுயிர்களை வேண்டாதவை என்று ஒதுக்கிவிட்டு எழுதப்படும் கணக்கு வயலின் பாதிக் கதையையே சொல்லும்.

துணியின் கண்ணி அளவும் இப்படியே யாரை உள்ளே விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. வீட்டில் வலை தைப்போர் பெரும்பாலும் நாடுவது கொசுவலைத் துணியை. பரவலாக வழங்கும் ஒரு தரத்தில் அதில் சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் உள்ளன, அதாவது ஒவ்வொரு துளையும் ஒரு மி.மீ.க்குக் கூடுதலான அகலமுடையது. வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் வெட்டுக்கிளிக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் கரும்பின் இடைக்கணுப்புழுவைக் கட்டுப்படுத்த அட்டைகளில் ஒட்டி வயலில் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி ஒரு மி.மீ. நீளம்கூட இல்லாதது, கொசுவலைத் துணி அதற்குத் திறந்த கதவு. அத்தகைய நுண்குளவிகளை நாடுவோர் நெருக்கமான நெசவுடைய துணிக்கு மாறவும், காற்றுத்தடை மிகுவதால் வீச்சு மெதுவாவதை ஏற்கவும் வேண்டியிருக்கும். பையில் விழுந்த அத்தனை சிறியவற்றைக் கையால் பொறுக்க முடியாது. ஒரு முனையில் வாயால் இழுக்க, மறுமுனை வழியே பூச்சி புட்டிக்குள் போய்ச் சேரும் உறிஞ்சு குழாய் அதற்கு உதவும். வாய்ப்பக்கக் குழாயின் நுனியில் மெல்லிய துணி கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது.

நீர்ப்பூச்சிகளுக்கு வட்ட வளையம் பயனற்றது. ஓடையின் அடித்தளத்தில் வட்டத்தின் ஒரு புள்ளி மட்டுமே படும். இருபுறமும் உள்ள இடைவெளியில் தும்பியின் இளம்பூச்சிகளும் நீர்வண்டுகளும் நழுவிவிடும். ஆகவே ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் உள்ள அரைவட்டச் சட்டமே நீர்வலைக்கு ஏற்றது. ஓடும் நீரில் தட்டைப் பக்கத்தைத் தரையில் பதித்து, வலையின் வாய் நீர்வரத்தை நோக்கியிருக்கும்படி நிறுத்தி, அதற்கு மேற்புறம் நின்றவாறு காலால் கூழாங்கற்களைக் கிளறினால், கற்களுக்கடியில் ஒட்டியிருந்த உயிர்கள் நீரோட்டத்தோடு வலைக்குள் வந்துசேரும். ஓடையின் தூய்மையை அதில் வாழும் உயிர்களைக்கொண்டு மதிப்பிடும் ஆய்வுகளில் 0.5 மி.மீ. கண்ணி பரவலாகப் பயன்படுகிறது. பருத்தித் துணி நீரைத் தேக்கிக்கொண்டு கனத்துப்போவதால் இங்கே நைலானே சிறந்தது.

வலையை வீசவே முடியாத இடங்களும் உண்டு. உடைமரமும் சீமைக்கருவேலமும் எந்தத் துணியையும் கிழித்துவிடும்; அங்கே குறுக்குக் குச்சிகளால் விரித்த ஒரு மீட்டர் சதுர வெள்ளைத்துணியைக் கிளைக்கடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தடியால் தட்டினால் வண்டுகளும் நாவாய்ப்பூச்சிகளும் உதிரும். துணி கிடைக்காதபோது தலைகீழாக விரித்த குடையே போதுமானது. அசையாமல் நின்று பூச்சிகளைத் தானே திரட்டும் வலையும் இருக்கிறது: தம் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல் மூலையில் போய்த் திரள்வதைக் கவனித்த சுவீடன் நாட்டு ஆய்வாளர் ரெனே மலேஸ், அந்த இயல்பையே பயன்படுத்தி 1934இல் பர்மாப் பயணத்தின்போது கூடார வடிவப் பொறியை அமைத்தார், அவர் பெயராலேயே அது உலகெங்கும் வழங்குகிறது. இன்னும் சிலவற்றுக்கு வலையே வேண்டியதில்லை. பருத்திச் செடியில் கூட்டங்கூட்டமாக ஊரும் சிவப்பு நாவாய்ப்பூச்சியைக் கையாலேயே எடுத்துவிடலாம். அதன் அறிவியல் பெயரான டிஸ்டெர்கஸ் கொய்னிகீயின் இரண்டாம் சொல், இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவராக இருந்து 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இப்பகுதியின் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய கொய்னிக்கின் நினைவாகப் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் இட்டது.

இத்தனை வகைகளில் ஒன்றை மட்டுமே வாங்கவோ செய்யவோ இயலும் என்ற நிலையில் உள்ள பள்ளிக்கும் மாணவருக்கும், 38 செ.மீ. அளவிலான உறுதியான வளையமும், கழற்றி மாற்றத்தக்க இரு பைகளும் கொண்ட வலையே ஏற்றது. ஒரு பை மெல்லிய கண்ணித்துணியில், மற்றொன்று காடாத் துணியில். இதை வீட்டிலேயே செய்ய முடியும். தடித்த ஜி.ஐ. கம்பியை வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் ஒன்றைவிட ஒன்று சற்றுக் கூடுதல் நீளமாக விட்டு, மூங்கில் கழியின் இருபுறமும் வெட்டிய காடிகளில் பதித்து, நுனிகளைத் துளைக்குள் மடித்து, மேலே மெல்லிய கம்பியால் இறுகச் சுற்றினால் வளையம் ஆடாது. பையை நான்கு துண்டுகளாக, அடிப்பக்கம் வளைந்து குறுகும்படி வெட்டித் தைத்தால் உருண்ட முனை தானே அமையும். தையலின் பிசிறு வெளிப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். உட்பக்கம் இருந்தால் பூச்சியின் காலும் உணர்கொம்பும் அதில் சிக்கி முறியும்.

வலை கையில் வந்தபின் எங்கும் வீசலாம் என்பதில்லை. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 பல வண்ணத்துப்பூச்சிகளையும் பிற பூச்சிகளையும் தன் அட்டவணைகளில் சேர்த்துள்ளது. அவற்றை எங்கும் பிடிக்கக் கூடாது என்பதோடு, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் உரிய அனுமதியின்றி எந்தப் பூச்சியையும் சேகரிக்க இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதும் 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதுமான தமிழ் மறவன் போன்றவற்றைக் காண இருகண்நோக்கியும் ஒளிப்படக் கருவியும் போதும். அனுமதி உள்ள இடத்திலும், பெயரறிய ஒரு பூச்சியே போதுமென்றால் பத்தை எடுப்பது அறிவியலுக்கு எதையும் சேர்ப்பதில்லை. பையைப் புரட்டிப் பார்த்து, எண்ணிக் குறித்து, எஞ்சியவற்றை அங்கேயே பறக்கவிடுவதற்கும் நல்ல வலை வழிசெய்கிறது. வைத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் பிடித்த இடம், நாள், செடி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டு வேண்டும் என்பது சேகரிப்போர் அனைவரும் அறிந்த விதி. வளையத்தின் விட்டம், துணியின் வகை, வீச்சுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் அதே நாளின் பதிவோடு சேர்த்து எழுதினால், பிற்காலத்தில் அதே வயலுக்கு வரும் வேறொருவர் அதே அளவு வலையை வீசி, பூச்சிகள் கூடினவா குறைந்தனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.